ஒரே வேதம், பல பந்தி

வடார்க்காட்டின் கதை – 14

ஆரணியில் நடந்த இரண்டு போர்களைச் சென்ற பகுதிகளில் பார்த்தோம். 1751-இல் கிளைவ் ராசா சாகிபின் படையை முறியடித்தது ஒன்று. 1782-இல் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதியது இன்னொன்று. கோட்டையும் ஜாகிரும் பழங்கதையாகிப் பட்டுச் சேலையே ஊரின் முகவரியாக மாறிய காலத்துக்கு இப்போது வருவோம். இந்தப் பகுதியில் வரும் சண்டையில் பீரங்கி இல்லை. ஒரே வேதத்தைப் படித்து ஒரே ஆண்டவரைக் கும்பிட்டவர்கள் ஒரே பந்தியில் உட்கார மறுத்த சண்டை இது. அது தீர 28 ஆண்டு பேச வேண்டியிருந்தது. தீர்ந்தது எது, தீராமல் நின்றது எது என்பதற்கு ஆரணியைச் சுற்றியுள்ள நிலமே நல்ல சாட்சி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கமண்டல நாகநதிக் கரையில் நின்று சுற்றிப் பார்த்திருந்தால் கிறிஸ்தவம் ஒன்றாகத் தெரிந்திருக்காது. ஆரணியிலும் வடக்கே வேலூரிலும் இருந்தது அமெரிக்க ஆர்க்காடு மிஷன். நெதர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் வளர்த்த சீர்திருத்தச் சபையின் பிள்ளை அது. வடகிழக்கே காஞ்சிபுரத்துக்குப் போனால் ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் சபை. தென்மேற்கே திருவண்ணாமலையில் டென்மார்க்கிலிருந்து வந்த லுத்தரன்கள். தெற்கே சேத்துப்பட்டில் பாரிஸ் மிஷனைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு தரா சாமியார். தாது வருடப் பஞ்சத்தை ஒட்டிய ஆண்டுகளில் வடார்க்காட்டு ஏழைகளை ஆயிரக்கணக்கில் திருச்சபைக்குள் சேர்த்தவர் அவர். ஒரு நாள் மாட்டு வண்டிப் பயணத்துக்குள் நான்கு நாட்டுச் சபைகள். ஞாயிற்றுக்கிழமை மணி எல்லா இடத்திலும் அடித்தது. பந்தி மட்டும் தனித்தனி.

மிஷன்கள் நிலம் பிரித்த கதை

இந்த வரைபடம் தானாக உருவானதல்ல. 1858-இல் உதகமண்டலத்திலும் 1879-இல் பெங்களூரிலும் தென்னிந்தியப் புராட்டஸ்டண்ட் மிஷனெரிகள் கூடிய மாநாடுகளில் எல்லைப் பிரச்சினை முக்கியமான பேச்சாக இருந்தது. ஒரு மிஷன் வேலை செய்யும் தாலுகாவில் இன்னொரு மிஷன் கால் வைப்பதில்லை, ஒரு சபை தண்டித்து வெளியேற்றியவரை இன்னொரு சபை கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்வதில்லை என்பது போன்ற ஏற்பாடுகள் மெல்ல நிலைபெற்றன. ஒருவர் மந்தையை மற்றொருவர் இழுத்துக்கொள்ளும் பூசலைக் குறைக்க அது உதவியது. கத்தோலிக்கர்கள் இந்த ஏற்பாட்டுக்குள் இல்லை. அந்த உரசல் தனியாகத் தொடர்ந்தது.

ஆனால் இந்த ஏற்பாட்டால் ஒரு விசித்திரமும் நேர்ந்தது. எந்தச் சபையில் சேர்வது என்பதை நம்பிக்கை தீர்மானிக்கவில்லை. பிறந்த தாலுகா தீர்மானித்தது. ஆரணிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தால் டச்சுச் சீர்திருத்தம், திருநெல்வேலியில் பிறந்தால் பெரும்பாலும் ஆங்கிலிக்கன், தரங்கம்பாடிப் பக்கம் பிறந்தால் லுத்தரன். ஜெனீவாவிலும் கேன்டர்பரியிலும் விட்டன்பர்கிலும் பதினாறாம் நூற்றாண்டில் யாரோ போட்ட சண்டைக்கு இங்கே ஒரு விவசாயக் கூலி வாரிசானான்.

ஆர்க்காடு மிஷனின் தோற்றத்தை நினைவுபடுத்திக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட முதல் மருத்துவ மிஷனெரியான ஜான் ஸ்கடர் முதலில் பணிசெய்தது யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில்; பிறகுதான் சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகள் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் மூவரும் சேர்ந்து 1853-இல் ஆர்க்காடு மிஷனை அமைத்தார்கள். வேலூர், சித்தூர், ஆரணி என்று நிலையங்கள் விரைவிலேயே எழுந்தன. இவர்களுடைய தாய்ச்சபையின் அதிகாரப்பூர்வப் பெயரில் ‘டச்சு’ என்ற சொல் 1867 வரை இருந்தது. அதன் கோட்பாட்டு ஏடுகளில் ஒன்று, 1618–19-இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சங்கம் வகுத்தது. யாருக்கு மீட்பு என்பதை இறைவன் முன்பே குறித்துவிட்டாரா என்ற அந்த நகரத்து வாதம் எதுவும் ஆரணிச் சேரிக்கு வந்து சேரவில்லை. அதன் முத்திரை மட்டும் வந்து சேர்ந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆரணியின் பட்டுத் தறிகளில் உட்கார்ந்திருந்த சௌராஷ்டிரர்களும் செங்குந்தர்களும் பெருமளவில் கிறிஸ்தவத்துக்கு வரவில்லை. வந்தவர்கள் சுற்றுவட்டச் சிற்றூர்களின் நிலமற்ற உழைப்பாளிகள், அதிலும் பெரும்பாலும் பறையர் குடும்பங்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளி, விடுதி, தொழிற்பள்ளி என்று மிஷன் கட்டியது. ஆரணித் தொழிற்பள்ளி பிற்பாடு காட்பாடிக்கு இடம்பெயர்ந்தது. எழுதப் படிக்கக் கற்ற முதல் தலைமுறை அங்கேதான் ஆசிரியர்களாகவும் உபதேசியார்களாகவும் உருவெடுத்தது. அந்தத் தலைமுறை ஊரை விட்டு வெளியே வேலைக்குப் போனபோதுதான் பந்திப் பிரச்சினை வீட்டுக்குள் வந்தது.

ஆரணி ஆசிரியர் ஒருவர் தம் மகளைத் திருநெல்வேலிக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். சொந்த ஊரில் திருவிருந்தில் கை நீட்டியவள், புகுந்த ஊரில் பேராயர் கைவைத்துத் திடப்படுத்தாதவரை பந்திக்கு உரியவளல்ல. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஆரணி ஆயர் சம்பந்தி வீட்டுக்கு வந்தால் அந்த ஊர்ப் பீடத்தில் நின்று அப்பம் பிட்க முடியாது. அவரை அபிஷேகம் செய்தது மூப்பர் சங்கமே தவிரப் பேராயர் அல்ல. மரியாதைக்கு முன்வரிசையில் நாற்காலி கிடைக்கும். பீடத்தில் இடம் கிடைக்காது.

வந்த சண்டை, இருந்த சண்டை

சபைப் பிரிவு கப்பலேறி வந்த சண்டை. அதற்கு முன்பே இந்த மண்ணில் இருந்த சண்டை இன்னொன்று: சாதி. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் திருச்சபைக்குள் சாதிவேற்றுமை கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரில் பெரும் கொந்தளிப்பு. சுவிசேஷக் கவிராயர் என்று போற்றப்படும் வேதநாயக சாஸ்திரியாரே அதை எதிர்த்தவர்களின் பக்கம் நின்றார். சாதியைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்ட லைப்சிக் லுத்தரன் மிஷனுக்குச் சிலர் மாறிப்போனார்கள். 1850-இல் சென்னை மிஷனெரி மாநாடு சாதியைக் கண்டித்துத் தீர்மானம் போட்டபோது லைப்சிக்காரர்கள் அதில் சேரவில்லை. மூன்று ஆண்டு கழித்துப் பிறந்த ஆர்க்காடு மிஷன் கண்டிப்பான பக்கத்தை எடுத்தது: சாதியை விட்டால்தான் ஞானஸ்நானம்.

ஆக, எந்தச் சபை என்ற கேள்விக்குள் எந்தச் சாதி என்ற கேள்வியும் ஒளிந்திருந்தது. ஒரு சபையில் பந்தி ஒத்துவராவிட்டால் அடுத்த சபைக்குப் போகலாம் என்ற வசதியைப் பிரிவினைதான் தந்தது. ஒற்றுமையைத் தேடியவர்களில் பலர் இதை அன்று கவனிக்கவில்லை. கவனித்த ஒருவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

சீனத்திலிருந்து வந்த துணிச்சல்

ஒன்றாகலாம் என்ற எண்ணம் ஆர்க்காட்டுக்காரர்களுக்கு எங்கிருந்து வந்தது? அதே டச்சுச் சபையின் சீன மிஷன் ஒரு முன்மாதிரி காட்டியிருந்தது. சீனக் கடற்கரை நகரமான ஆமோயில் அமெரிக்க டச்சு மிஷனெரிகளும் இங்கிலாந்து பிரஸ்பிட்டேரியன் மிஷனெரிகளும் வேலை செய்தார்கள். இருவரும் சேர்ந்து ஒரே சீனச் சபையை வளர்த்தார்கள். 1863-இல் தாய்ச்சபையின் பொதுச்சங்கம் அதைப் பிரித்துத் தன் கிளையைத் தனியாக அமைக்கச் சொன்னது. பிரிப்பதைவிடப் பதவியை விடுகிறோம் என்று ஆமோய் மிஷனெரிகள் பதில் எழுதினார்கள். மறு ஆண்டே சங்கம் இறங்கி வந்தது.

மதனப்பள்ளியில் பணியாற்றிய ஆர்க்காடு மிஷனெரி ஜேக்கப் சேம்பர்லின் இந்த வழியில் நடந்தார். இந்தியச் சபை இந்தியாவில்தான் வேர்விட வேண்டும், அமெரிக்கச் சங்கத்தின் தொலைதூரக் கிளையாக அது என்றென்றும் இருக்க முடியாது என்று தாய்ச்சபையிடம் விடாமல் வாதாடினார். புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்க்காட்டுச் சபைகளும் சென்னை, காஞ்சிபுரத்து ஸ்காட்லாந்துச் சபைகளும் ஒரே சினாடாக, அதாவது பொதுச்சங்கமாக, இணைந்தபோது 1902-இல் அதன் முதல் தலைவர் அவர்தான். வரைபடத்தில் ஆரணிக்கும் காஞ்சிக்கும் நடுவே இருந்த கோடு அழிந்தது.

1908-இல் அடுத்த கோடு அழிந்தது. லண்டன் மிஷன், அமெரிக்க மதுரை மிஷன், யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் ஆகியவற்றின் காங்கிரிகேஷனல் சபைகளும் பிரஸ்பிட்டேரியன்களும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆனார்கள். சேம்பர்லின் அதே ஆண்டில்தான், இந்த இணைப்புக்குச் சில மாதங்களுக்கு முன், மதனப்பள்ளியில் காலமானார். ஆரணியில் இருந்த சிறு சபை இப்போது நாகர்கோவிலிலிருந்து யாழ்ப்பாணம் வரை உறவு கொண்டாடலாம். ஆனால் ஆசிரியர் மகளின் சிக்கல் தீரவில்லை. திருநெல்வேலி ஆங்கிலிக்கன்கள் இன்னும் வெளியேதான் இருந்தார்கள். பேராயர் இல்லாத சபைகள் தங்களுக்குள் சேர்வது எளிது. பேராயர் உள்ள சபையோடு சேர்வதுதான் கடினம்.

தரங்கம்பாடியில் 33 பேர்

1919 மே 1, 2. இடம் தரங்கம்பாடி, 1706-இல் சீகன்பால்கு கரையிறங்கிய அதே கடற்கரை. 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். அழைத்தவர்களில் முதன்மையானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்து 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தோர்ணக்கல்லுக்குப் போனவர். ஐக்கிய சபையின் பக்கம் மதுரையைச் சேர்ந்த வி. சந்தியாகு.

அங்கே வெளியிட்ட அறிக்கையின் சாரம் இது: இந்தப் பிரிவுகளை நாங்கள் உண்டாக்கவில்லை, அவை வெளியிலிருந்து எங்கள்மேல் சுமத்தப்பட்டவை, இவற்றை நிரந்தரமாக்க எங்களுக்கு விருப்பமில்லை. உலகப்போர் முடிந்து ஆறே மாதம் ஆகியிருந்தது. கிறிஸ்தவ நாடுகள் என்று சொல்லிக்கொண்டவை ஒன்றையொன்று வெட்டிச் சாய்த்ததை உலகமே பார்த்திருந்தது. ஐரோப்பாவின் உள்வழக்கை இந்தியாவில் ஏன் தொடர வேண்டும் என்ற கேள்விக்கு அப்போது தனிக் கூர்மை இருந்தது.

மறு ஆண்டு கூட்டுக்குழு அமைந்தது. 1925-இல் வெஸ்லியன் மெதடிஸ்டுகளும் வந்து சேர்ந்தார்கள். அதன் பிறகு நடந்தவை உற்சாகமான கூட்டங்களல்ல. சலிப்பும் கோபமும் நிறைந்த நெடும் பேச்சு. இரு பக்கத்திலும் நியாயமான அச்சம் இருந்தது. நமக்குப் பேராயர் வந்தால் அவர் ஜமீன்தார் போல ஆள்வாரோ என்பது ஐக்கிய சபையினர் கவலை. அதைவிட ஆழமான கவலை இன்னொன்று: பேராயர் கைவைத்து மறுபடி அபிஷேகம் செய்ய ஒப்புக்கொண்டால், இதுவரை எங்களுக்கு ஞானஸ்நானம் தந்து, திருவிருந்து பரிமாறி, எங்கள் பெற்றோரை அடக்கம் செய்த ஆயர்கள் போலிகள் என்று நாங்களே கையெழுத்துப் போடுவது போலாகாதா? ஆரணி போன்ற சபைகளில் இது வெறும் இறையியல் நுணுக்கமாகத் தோன்ற முடியாது. தாத்தாவுக்குக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா என்ற மானப் பிரச்சினை அது. மறுபக்கம் ஆங்கிலிக்கன்கள், அப்போஸ்தலர் காலந்தொட்டு வந்ததாகத் தாங்கள் நம்பும் பேராயர் வரிசையை ஒரே கையெழுத்தில் அறுத்துவிடுவோமோ என்று அஞ்சினார்கள்.

1932-இல் கூட்டுக்குழு உறுப்பினர்கள் பேச்சின் நடுவே ஒன்றாகத் திருவிருந்தில் பங்குகொண்டார்கள். ஒப்பந்தம் ஆவதற்கு முன் பந்தியில் உட்காரலாமா என்று இங்கிலாந்தில் கண்டனம் எழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஐக்கிய சபை, அபிஷேகம் பெறாத பொதுமக்களும் திருவிருந்து நடத்தலாமா என்ற கேள்வியைக் கிளப்பியதும் பேச்சு கிட்டத்தட்ட முறிந்தது. 1943-இல் ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட் இந்தத் திட்டத்தை எதிர்த்துத் தனி நூலே வெளியிட்டார். தமிழ்நாட்டு, ஆந்திரச் சிற்றூர்ச் சபைகள் ஒன்றாவதா வேண்டாமா என்பதில் லண்டன் கவிஞருக்குத் தூக்கம் கெட்டது என்றால், இங்கே எதைத் தொட்டார்கள் என்பது விளங்கும்.

முடிச்சை எப்படி அவிழ்த்தார்கள்

அவர்கள் கண்ட வழிதான் இந்த வரலாற்றின் மையம். எல்லாக் கேள்விக்கும் விடை கண்டபின் சேர்வோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. மூன்று ஏற்பாடு செய்தார்கள்.

முதலாவது, சேரும் மூன்று சபைகளின் ஆயர்களும் இருக்கிறபடியே புதிய சபையின் ஆயர்கள். யாருக்கும் மறு அபிஷேகம் இல்லை. இனிப் புதிதாக வருபவர்களை மட்டும் பேராயர்கள் அபிஷேகம் செய்வார்கள். பழையவர்களும் புதியவர்களும் 30 ஆண்டு பக்கம் பக்கமாக வேலை செய்யட்டும். விதிவிலக்குகளைத் தொடர்வதா என்பதைப் பிறகு சபையே முடிவு செய்யட்டும். இரண்டாவது, ஓர் உறுதிமொழி: எந்தச் சபையின்மீதும் அதன் நெடுநாள் வழக்கத்துக்கு ஒவ்வாத வழிபாட்டையோ ஊழியரையோ அதன் மனத்துக்கு மாறாகத் திணிக்க மாட்டோம். மூன்றாவது, பேராயர் உண்டு. ஆனால் அவர் தேர்ந்தெடுக்கப்படுபவர், சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். பேராயர் பதவியைப் பற்றி இன்ன கொள்கையைத்தான் நம்ப வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

அதாவது சண்டையை வாசலில் தீர்த்துவிட்டு உள்ளே வரச் சொல்லவில்லை; சண்டையோடு உள்ளே வா, கூடத்தில் உட்கார்ந்து பேசுவோம் என்றார்கள். மனிதரை முதலில் ஏற்றுக்கொள்வது, கருத்தை அப்புறம் ஒத்துப்பார்ப்பது. எலியட் போன்றவர்களை எரிச்சலூட்டியதும் இதுதான், கடைசியில் வென்றதும் இதுதான்.

மெதடிஸ்டுகள் 1943-இலும், ஆங்கிலிக்கன்கள் 1945 ஜனவரியிலும், ஐக்கிய சபை 1946 செப்டம்பரிலும் இசைவு தந்தார்கள். அசரியா 1945 ஜனவரி முதல் நாள் இறந்தார். தம் சபையின் இசைவைக் காணும் வாய்ப்பு சில வார இடைவெளியில் அவருக்குத் தவறிப்போயிற்று.

1947 செப்டம்பர் 27, சனிக்கிழமை. சென்னை புனித ஜார்ஜ் பேராலயம். நாடு விடுதலை அடைந்து ஆறு வாரம். பஞ்சாபில் ஒரே மொழி பேசியவர்கள் மதத்தின் பெயரால் வெட்டுண்டு கிடந்த நாட்கள் அவை. தென்கோடியில் ஏறத்தாழ 10 லட்சம் கிறிஸ்தவர்கள் ஒரே சபையானார்கள்: தென்னிந்தியத் திருச்சபை, மக்கள் வழக்கில் சி.எஸ்.ஐ. திருவாங்கூர்ப் பேராயர் சி. கே. ஜேக்கப் தலைமையில் அன்று ஒன்பது புதிய பேராயர்கள் அபிஷேகம் பெற்றார்கள். அவர்களில் ஒருவர் காஞ்சிபுரத்தில் ஸ்காட்லாந்து மிஷனெரியாக இருந்த லெஸ்லி நியூபிகின், வயது 37. பேராயரே வேண்டாம் என்ற மரபில் வந்தவர் மதுரை–இராமநாதபுரத்துக்குப் பேராயர் ஆனார். ஸ்காட்லாந்தில் சிலர் முகம் சுளித்தார்கள். அவரே பிறகு 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்தார். அந்தப் பேராயத்துக்குள்தான் அன்று ஆரணியும் இருந்தது. 1976-இல் வேலூர் தனிப் பேராயமானதும் ஆரணி அதற்குள் வந்தது.

ஆறாத காயங்கள்

எல்லோரும் சேர்ந்துவிடவில்லை. ஆந்திரத்தில் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்களில் பெரும்பாலோர் இணைய மறுத்தார்கள். ஒரே ஊரில் இரு பிரிவு, ஒரே கோயிலுக்கு இரு உரிமை என்று கசப்பு முற்றியது. அவர்கள் சி.எஸ்.ஐ.க்குள் வர 1975 ஆயிற்று. ஐக்கிய சபையின் வடதமிழ்ச் சங்கமும் முதலில் ஒதுங்கி நின்று 1950-இல் சேர்ந்தது. கோயம்புத்தூர்ப் பேராயம் அப்படித்தான் பிறந்தது, அ. ஜே. அப்பாசாமி அதன் முதல் பேராயர். 1948-இல் லாம்பெத் மாநாட்டில் கூடிய உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் புதிய சபையின் ஊழியர்களை ஏற்பதா என்பதில் பிளவுபட்டு நின்றார்கள். ஒன்றுசேர்ந்ததற்காகவே தாய்வீட்டில் தள்ளிவைக்கப்பட்ட நிலை அது.

இவ்வளவுக்கும் நடுவே புதிய சபை ஒரு காரியம் செய்தது. 1950-இல் தனக்கென்று ஒரு திருவிருந்து முறையை எழுதிச் சென்னையில் கூடிய சினாடில் முதலில் பயன்படுத்தியது. அதில் ஆதித் திருச்சபையின் வழக்கமான சமாதான வாழ்த்தை, கேரளச் சிரியன் மரபைப் பார்த்து, மீட்டெடுத்தார்கள். காணிக்கைக்கு முன் ஆயர் தொடங்குவார். கைகளைக் குவித்து நீட்டுபவரின் கைகளை அடுத்தவர் தம் இரு கைகளுக்குள் ஏந்தி வாங்கி, அவருக்கு அடுத்தவரிடம் கொடுப்பார். வரிசை வரிசையாகக் கடைசிப் பாய் வரை அது போகும். பின்னால் உலகின் பல சபைகள் தங்கள் வழிபாட்டில் சமாதான வாழ்த்தைச் சேர்த்தபோது இந்தத் தென்னிந்திய முறையைக் கவனித்தே சேர்த்தன. தொட்டால் தீட்டு என்று பழகிய மண்ணில், பந்திக்கு முன் பக்கத்தில் இருப்பவர் யாராயினும் அவர் கையைப் பிடித்தாக வேண்டும் என்பது சாதாரணச் சடங்கல்ல.

இருந்த சண்டை என்ன ஆயிற்று?

சாதியைக் கவனித்த ஒருவரைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேனே, அவர் கிறிஸ்தவரல்ல. 1935-இல் யேவலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்த அம்பேத்கர், தம் மக்கள் கிறிஸ்தவத்துக்கு வந்தால் எத்தனை சபைகளாகச் சிதறுவார்கள் என்ற கேள்வியை அசரியாவின் முன் வைத்ததாக அசரியாவின் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அசரியாவிடம் அதற்குப் பதில் இல்லை. அவர் ஒற்றுமைக்காகத் தவித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சபைகள் சேர்ந்தன. அந்தக் கேள்வியின் மறுபாதியான சாதி அப்படியே நின்றது. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி மோதல் வெடித்துக் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். மோதிய இரு தரப்புக் கத்தோலிக்கர்களுக்குள் கோட்பாட்டு வேறுபாடு எள்ளளவும் இல்லை. ஒரே சபை, ஒரே பீடம், ஒரே போப்பாண்டவர். பேராயரா மூப்பரா என்ற சண்டைக்கு அங்கே இடமே இல்லை. எவர் வீட்டுச் சவ ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம் என்பது போன்றவையே அங்கே சண்டை. சி.எஸ்.ஐ.யும் தன் பங்குக்குப் பதவிச் சண்டையை நீதிமன்றப் படிவரை கொண்டுபோயிற்று. அதன் சினாடு தேர்தல் வழக்கு அண்மையில்தான் சென்னை உயர்நீதிமன்றத்தைத் தாண்டி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஒற்றுமை சட்டப்படி வந்துவிட்டால் சமாதானமும் கூடவே வந்துவிடும் என்று நம்பியிருந்தால் அது நடக்கவில்லை.

ஆனாலும் 1947-க்கு வழிவகுத்த அதே கூட்டு முயற்சிகள்தான் இந்தக் கேள்வியை எழுப்பும் இடங்களையும் கட்டித் தந்தன. பல சபைகள் சேர்ந்து 1910-இல் தொடங்கிய பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில்தான் 1981-இல் அரவிந்த் நிர்மல், பின்பு தலித் இறையியலாக வளர்ந்த சிந்தனையை முன்வைத்து உரையாற்றினார். சி.எஸ்.ஐ.யும் லுத்தரன்களும் கைகோத்து 1969-இல் மதுரை அரசரடியில் அமைத்த தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணிபுரிந்த தியாபிலஸ் அப்பாவு, பாட்டாளி மக்களுக்குப் பரட்டை அண்ணன், ‘ஒரே உலை’ என்பதையே தம் இறையியலின் நடுப்புள்ளியாக வைத்தார். அப்பமும் ரசமும் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது போதாது. ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து தின்றால்தான் திருவிருந்து முழுமையாகும் என்பது அவர் வாதம். கிராமத்து மெட்டில், பேச்சுத் தமிழில், பறையோடு அவர் அமைத்த வழிபாடு சபைகளுக்குள் கடும் எதிர்ப்பையும் பெரும் ஆதரவையும் சேர்த்தே சம்பாதித்தது.

ஆரணியைச் சுற்றி 1900-இல் இருந்த கோடுகளில் சில இன்று இல்லை. காஞ்சிக்கும் ஆரணிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ஒரே திருச்சபை. ஆசிரியர் மகளின் பேத்தி எந்த ஊரிலும் எழுந்துபோய்க் கை நீட்டலாம். திருவண்ணாமலை லுத்தரன்கள் இன்னும் தனிச்சபைதான். 1948 முதல் பேச்சு நடந்தும் இணைப்பு கூடவில்லை. சேத்துப்பட்டோடு நட்பு உண்டு, பொதுப்பந்தி இல்லை.

அழியாத கோடு ஊருக்கும் சேரிக்கும் நடுவில் கிடப்பது. அதற்கு ஜெனீவாவையோ கேன்டர்பரியையோ குறை சொல்ல வழியில்லை. பேராயர் பதவி என்ற ஒரே முடிச்சுக்காகத் தென்னிந்தியக் கிறிஸ்தவர்கள் 1919 முதல் 1947 வரை உட்கார்ந்து பேசினார்கள். முறிந்த பேச்சை மறுபடி மறுபடி ஒட்டினார்கள். எதிராளியின் மானம் கெடாத வழி கிடைக்கும்வரை எழுந்துபோகவில்லை. சாதிக்கு எதிராகத் தீர்மானங்கள் எத்தனையோ உண்டு. அப்படி 28 ஆண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்த ஒரு கூட்டுக்குழு அதற்கு இன்னும் அமையவில்லை.

(தொடரும்)

அடுத்த பகுதியில்: சபைகள் சேர்வதற்கு 29 ஆண்டு முன்பே, 1918-இல் பல மிஷன்கள் ஒன்றுகூடி வேலூரில் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளியும், ஐடா ஸ்கடரும்.